புலம்பெயர் ஆசிய எழுத்தாளர்களை வாசிக்கத் தொடங்குவோருக்கு

ஆசிய நாடு ஒன்றில் வேர் கொண்டு, வேறொரு நாட்டில் வாழ்ந்தபடி எழுதுகிறவர்களின் கவிதைகளும் கதைகளும் கடந்த நாற்பது ஆண்டுகளில் பெருகிவிட்டன. வியட்நாமிலிருந்து அமெரிக்கா சென்றவர்கள், கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனவர்கள், காஷ்மீரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் பல திசைகளில் பிரிந்தவர்கள் என்று இந்த வட்டம் மிகப் பெரியது. அதனால்தான் புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று புரிவதில்லை. பரிசு பெற்ற நூல்களின் பட்டியலைப் பார்த்து ஐந்நூறு பக்க நாவல் ஒன்றை வாங்கி, பெயர்களிலும் ஆண்டுகளிலும் திணறி, பாதியில் மூடி வைத்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. அப்படி மூடி வைத்தவர்களுக்காகவும், இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்களுக்காகவும் இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நூல்களை ஏதோ ஒரு சமூகத்தைப் பற்றிய தகவல் அறிக்கையாக வாசிப்பவர்கள் விரைவில் சலித்துப்போகிறார்கள். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு இந்த எழுத்தாளர்கள் தரும் விடை சம்பவங்களில் இருப்பதைக் காட்டிலும், அவர்கள் யாரை நோக்கிப் பேசுகிறார்கள், அதற்கு எந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. கடிதமா, வாக்குமூலமா, அகதி விண்ணப்பமா, நாட்குறிப்பா என்று பார்க்கப் பழகிவிட்டால், பாதி வழி கடந்தாயிற்று. கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் இந்த ஒரு பழக்கத்தை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: எந்தப் புறப்பாடு என்று கேளுங்கள்

நூலைத் திறப்பதற்கு முன், அதன் மனிதர்கள் எப்போது, எதனால் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள் என்பதை ஒரு தாளில் இரண்டு வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் இது இல்லாமல் வாசித்தால் எல்லாப் புலம்பெயர்வும் ஒன்றுபோலத் தோன்றும். அது பெரிய பிழை.

அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், 1882-இல் வந்த சட்டம் சீனத் தொழிலாளர்களின் வருகையைத் தடுத்தது. அது 1943-இல்தான் நீங்கியது. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் பழைய நாட்டுவாரி ஒதுக்கீட்டை அகற்றி, தொழில்திறனுக்கும் குடும்ப உறவுக்கும் இடம் தந்தது. மருத்துவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள் என்று ஆசியாவின் படித்த நடுத்தர வர்க்கம் பெருமளவில் அங்கே போனது அதன் பிறகுதான். ஜும்பா லஹிரியின் கதைகளில் வரும் வங்காளிக் குடும்பங்களின் பல்கலைக்கழக வாழ்க்கைக்கு இந்தச் சட்டமே பின்னணி. அவர்கள் விருப்பப்பட்டுப் போனவர்கள். நினைத்தால் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடவும் முடிந்தவர்கள்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தபோது கிளம்பியவர்களுக்கு அந்த வசதி இல்லை. எழுத்தாளர் வியட் தன் நுயென் நான்கு வயதுக் குழந்தையாக அமெரிக்கா வந்து, பென்சில்வேனியாவின் அகதி முகாமிலிருந்து வெளியேறுவதற்காகச் சிறிது காலம் பெற்றோரைப் பிரிந்து வேறொரு குடும்பத்தின் வீட்டில் வளர்ந்தவர். ஓஷன் வுவாங் 1988-இல் வியட்நாமில் பிறந்து, பிலிப்பைன்ஸ் அகதி முகாம் வழியாக 1990-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகரை அடைந்தவர். நாடு ஒன்றுதான், போரும் ஒன்றுதான். ஆனால் இருவரும் வந்து சேர்ந்த காலத்துக்கு இடையே பதினைந்து ஆண்டுகள் உள்ளன. அந்த வேறுபாடு இருவரின் எழுத்திலும் தெரியும்.

ஜப்பானில் வாழும் கொரியர்களின் நிலை இன்னும் வேறானது. 1910-இல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்ட பிறகு அங்கே போன தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் ஜப்பானிலேயே பிறந்து, ஜப்பானிய மொழியே பேசி வளர்ந்தும் அயல்நாட்டவர்களாகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1972-இல் உகாண்டாவிலிருந்து இதி அமீன் வெளியேற்றிய ஆசியர்கள் இரண்டாம் முறை ஊரிழந்தவர்கள். 1983 ஜூலைக்குப் பிறகு இலங்கையைவிட்டுப் போன தமிழர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கவிதையோடு தொடங்குங்கள்

கவிதை கடினம், நாவல் எளிது என்று நினைத்துப் பலர் நாவலில் இறங்குகிறார்கள். இந்தத் துறையில் அது தலைகீழ் என்பது என் கருத்து. ஒரு கவிதையை ஒரு மாலையில் நான்கு முறை வாசித்துவிடலாம். வடிவத்தைக் கவனிக்கும் பழக்கம் அங்கேதான் வேகமாகப் படியும்.

ஆகா ஷாஹித் அலி என்ற காஷ்மீரிக் கவிஞரின் ‘போஸ்ட்கார்டு ஃப்ரம் காஷ்மீர்’ என்ற கவிதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவர் 1949-இல் பிறந்து, 1970-களில் அமெரிக்கா சென்று, 2001-இல் அங்கேயே மறைந்தவர். 1987-இல் வெளிவந்த ‘தி ஹாஃப்-இன்ச் ஹிமாலயாஸ்’ தொகுப்பில் உள்ள இந்தக் கவிதைக்கு 14 வரிகள்தான். அமெரிக்காவில் இருக்கும் ஒருவரின் அஞ்சல் பெட்டிக்கு ஊரிலிருந்து ஒரு படஅட்டை வருகிறது. நாலுக்கு ஆறு அங்குல அளவில் காஷ்மீர் சுருங்கிக் கிடக்கிறது; இமயமலை அரை அங்குல உயரத்தில் கைக்குள் அடங்குகிறது.

முதல் முறை பொருளைத் தேடாமல் வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை வினைச்சொற்களின் காலத்தை மட்டும் பாருங்கள். தொடக்கம் நிகழ்காலத்தில் இருக்கிறது. ஊர் திரும்புவதைப் பற்றிய பேச்சு வந்தவுடன் எதிர்காலத்துக்கு மாறிவிடுகிறது. திரும்பிப் போகும்போது அட்டையில் இருக்கும் அளவுக்கு நிறங்கள் பளிச்சென்று இருக்காது, ஜீலம் ஆற்றின் நீர் அவ்வளவு தெளிவாகவும் இருக்காது என்கிறார். ஊருக்கு ஈடாக அட்டை வந்திருப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்க, இந்த அட்டையைவிட நெருக்கமாக ஊரை இனி ஒருபோதும் அடைய முடியாது என்று அவர் சொல்லிவிடுகிறார். மூன்றாம் முறை, புகைப்படத் தொழிலைச் சேர்ந்த சொற்களைக் கோடிட்டுப் பாருங்கள். அன்பு அதிக வெளிச்சம் பட்டுப்போயிருக்கிறது. நினைவு குவியம் தப்பியிருக்கிறது. கடைசியில் நிற்பது இன்னும் கழுவப்படாத ஒரு பெரிய கறுப்பு வெள்ளை நெகட்டிவ். ஊர் ஏக்கம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவதை அவர் படம் கழுவாத பிலிமாக்கி, அந்த வேலையை முடிக்காமலே விட்டுவிடுகிறார்.

நான்காம் முறை வாசித்த பிறகு, அவரது 1997-ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘தி கன்ட்ரி விதவுட் எ போஸ்ட் ஆபீஸ்’ நூலின் தலைப்புக் கவிதைக்குச் செல்லுங்கள். 1990-இல் காஷ்மீரில் கிளர்ச்சியும் ஒடுக்குமுறையும் மூண்டு பல மாதங்கள் அஞ்சல் விநியோகமே நின்றுபோனதிலிருந்து அந்தத் தலைப்பு பிறந்தது. முன்பு அட்டை வந்து சேர்ந்தது. இங்கே கடிதங்கள் எந்த முகவரிக்கும் போய்ச் சேராமல் குவிகின்றன. ஒரே கவிஞர், ஒரே அஞ்சல், நடுவில் பத்தாண்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பது பத்து அறிமுகக் கட்டுரைகளுக்குச் சமம் என்பேன்.

அடுத்த கவிதை நூலாக சோல்மாஸ் ஷரீஃப்பின் ‘லுக்’ (2016) நூலை எடுக்கலாம். ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வாழும் அவர், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இராணுவக் கலைச்சொல் அகராதியிலிருந்து சொற்களை எடுத்து, காதலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே அப்படியே வைக்கிறார். இதைச் சில பக்கங்கள் வாசித்தால் போதும், முழுவதும் முடிக்க வேண்டிய கட்டாயமில்லை.

மூன்றாம் படி: சிறுகதையில் யாருடைய கண் என்று பாருங்கள்

சிறுகதைக்கு ஜும்பா லஹிரியின் ‘இன்டர்ப்ரட்டர் ஆஃப் மாலடீஸ்’ (1999) நல்ல நுழைவாயில். ஒன்பது கதைகள், எளிய ஆங்கிலம், 2000-இல் புலிட்சர் பரிசு பெற்றது. வரிசையாக வாசிக்காமல், ‘மிசஸ் சென்ஸ்’ என்ற கதையிலிருந்து தொடங்குங்கள்.

கணிதப் பேராசிரியர் ஒருவரின் மனைவியான சென் அம்மையார், பள்ளி விட்டபின் எலியட் என்ற பதினொரு வயது அமெரிக்கச் சிறுவனைத் தம் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். தரையில் செய்தித்தாளை விரித்து, கல்கத்தாவிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையில் காய் நறுக்குகிறார். அந்த நேரத்தில் எலியட் அருகே வரக் கூடாது. நம் வாசகருக்கு அந்தப் பொருள் உடனே தெரிந்துவிடும். எலியட்டின் கண்ணுக்கோ அது கடலில் போருக்குக் கிளம்பும் வைக்கிங் கப்பலின் வளைந்த முகப்பைப் போலத் தெரிகிறது. கல்யாண வீடு என்றால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் இதேபோன்ற அரிவாள்மணைகளோடு மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து, பேசிச் சிரித்தபடி இரவெல்லாம் ஐம்பது கிலோ காய்கறி நறுக்குவார்கள், அந்தச் சத்தத்தில் தூங்கவே முடியாது என்று அவர் சொல்கிறார். சற்றுப் பொறுத்து, இங்கே இவ்வளவு அமைதியில் சில நாட்கள் தூக்கம் வருவதில்லை என்கிறார். தான் உரக்கக் கத்தினால் யாராவது வருவார்களா என்று அந்தச் சிறுவனிடமே கேட்கிறார்.

இந்தக் கதையைச் சென் அம்மையாரின் குரலில் சொல்லியிருந்தால் நல்ல புலம்பலாக முடிந்திருக்கும். லஹிரி அதைச் செய்யாமல், எதுவும் புரியாத, ஆனால் எல்லாவற்றையும் கவனிக்கிற ஒரு சிறுவனின் பார்வைக்குள் அவரை நிறுத்துகிறார். அவருடைய தனிமை அவர் வாயால் சொல்லப்படாமல் பொருட்களாகவும் ஒலிகளாகவும் வந்து சேர்கிறது. எலியட்டும் தாயோடு ஒற்றையாக வாழும் பிள்ளைதான் என்பதையும் மறந்துவிடாமல் வாசியுங்கள். கதை முடிந்ததும், எலியட்டுக்குத் தெரிந்தது எது, சென் அம்மையாருக்கு மட்டும் தெரிந்தது எது, வாசகரான உங்களுக்கு மட்டும் தெரிந்தது எது என்று எழுதிப் பாருங்கள். மூன்றாவதாக எழுதியது உங்கள் சொத்து. மற்ற மொழி வாசகர்கள் பலருக்கு அது கிடைப்பதில்லை.

இதற்கு அடுத்ததாக வியட் தன் நுயெனின் ‘தி ரெஃப்யூஜீஸ்’ (2017) தொகுப்பின் முதல் கதையை வைத்துக்கொள்ளலாம். பிறருடைய வாழ்க்கையை அவர்கள் பெயரில் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணிடம், அகதிப் படகில் இறந்துபோன அண்ணன் பேயாக வந்து நிற்கிறான். நீந்தியே வந்ததால் நனைந்திருக்கிறான். மறக்க விரும்புகிறவருக்கும் மறக்கப்பட்டவருக்கும் நடக்கும் வழக்கை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கதையை நான் வாசித்ததில்லை.

நான்காம் படி: யார் யாரிடம் பேசுகிறார்?

இதுவே இந்த வழிகாட்டியின் மையம் என்பதால் இங்கே சற்று நின்று போகலாம். எந்த நூலையும் முதல் இருபது பக்கம் வாசித்ததும் நிறுத்தி, ‘இது யாருக்குச் சொல்லப்படுகிறது’ என்று கேளுங்கள். இடம்பெயர்ந்தவருக்கு எப்போதும் குறைந்தது இரண்டு பேர் முன்னால் இருப்பார்கள்: விட்டுவந்த இடத்தில் இருப்பவர், வந்துசேர்ந்த இடத்தில் இருப்பவர். ஒருவரிடம் சொல்லக்கூடியதை மற்றவரிடம் சொல்ல முடியாது. எழுத்தாளர் இதை எப்படிச் சமாளிக்கிறார் என்பதே அவருடைய கலை.

ஓஷன் வுவாங்கின் ‘ஆன் எர்த் வீ ஆர் ப்ரீஃப்லி கார்ஜஸ்’ (2019) முழுக்க முழுக்க மகன் தாய்க்கு எழுதும் கடிதம். அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது அமெரிக்க விமானங்கள் வீசிய நாப்பாம் குண்டில் பள்ளிக்கூடம் இடிந்தது. அதோடு அவருடைய படிப்பும் நின்றது. இப்போது அவர் அமெரிக்காவில் நக அலங்காரக் கடையில் வேலை செய்கிறார். எழுதும் ஒவ்வொரு சொல்லும் தன்னைத் தாயிடமிருந்து ஒரு சொல் தூரம் விலக்குகிறது என்று மகனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே எழுதுகிறான். வாசிக்க முடியாதவருக்கு எழுதுவதால்தான், நேரில் சொல்லத் துணியாத அனைத்தையும், தன் முதல் காதல் ஓர் இளைஞனோடு நேர்ந்தது உட்பட, அவனால் சொல்ல முடிகிறது.

அந்த நாவலில் ஒரு கடைக் காட்சி வருகிறது. மாட்டுவால் வாங்க வந்த தாய்க்கு அதன் ஆங்கிலப் பெயர் தெரியவில்லை. இறைச்சி வெட்டும் ஆள் முன்னால், இடுப்புக்குப் பின்னே விரலை ஆட்டி, தலையில் கொம்பு வைத்துக் காட்டி, மாடு போலக் கத்தியும் காட்டுகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். மகனுக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. கடைசியில் ரொட்டியும் மயோனைஸும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அன்றிரவு, அம்மா பேச வேண்டிய இடத்தில் இனிமேல் சொல்லில்லாமல் நிற்கமாட்டேன் என்று சிறுவன் தீர்மானிக்கிறான். அவன் எழுத்தாளனாகும் வழி அங்கே தொடங்குகிறது என்று நாவல் எங்கும் அறிவிப்பதில்லை. அந்த முடிச்சை வாசகர்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒப்பிட, வியட் தன் நுயெனின் ‘தி சிம்பதைசர்’ (2015) நாவலின் முதல் அத்தியாயத்தை வாசியுங்கள். 2016-இல் புலிட்சர் பெற்ற இந்த நாவலைச் சொல்பவன் பிரெஞ்சுத் தந்தைக்கும் வியட்நாமியத் தாய்க்கும் பிறந்தவன். தென்வியட்நாம் இராணுவத்துக்குள் இருந்த கம்யூனிஸ்ட் உளவாளி. சிறையில் உட்கார்ந்து தளபதிக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம் இது. ஆகவே அவன் சொல்லும் எதுவும் சும்மா சொல்லப்படுவதில்லை; தண்டனையைக் கையில் வைத்திருப்பவர் வாசிக்கப்போகிறார் என்ற உணர்வு ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கிறது.

பானு கபிலின் ‘ஹவ் டு வாஷ் எ ஹார்ட்’ (2020, டி. எஸ். எலியட் பரிசு) கவிதைத் தொடரில் பேசுபவர், குடியுரிமை உள்ள ஒருவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கும் குடியேறி. வீட்டுக்காரர் அன்பானவர்தான், அந்த அன்பே கண்காணிப்பாக மாறும் இடங்களைக் கவனியுங்கள். ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) அகதித் தஞ்சம் கோரும் விண்ணப்பத்தையே நாவலுக்குள் கொண்டுவருகிறது. அதிகாரி நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் வாழ்க்கைக்கும், உண்மையில் வாழ்ந்த வாழ்க்கைக்கும் உள்ள இடைவெளியில் அந்த நாவல் நடக்கிறது. சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சில் அகதியாக வாழ்ந்து, தமிழிலேயே எழுதும் அவருடைய உரைநடையின் சூடு மொழிபெயர்ப்பில் பாதிதான் மிஞ்சும். தமிழ் வாசகர் அதை நேரடியாகவே பெறலாம்.

ஐந்தாம் படி: நாவலைக் கையாளுதல்

இப்போது பெரிய நாவலுக்குப் போகலாம். மின் ஜின் லீயின் ‘பச்சிங்கோ’ (2017) மூன்று பாகங்களில் 1910 முதல் 1989 வரை, ஒரே கொரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறையைச் சொல்கிறது. பூசான் அருகேயுள்ள தீவில் தொடங்கி, ஒசாகா, யோகோஹாமா, டோக்கியோ என்று நகர்கிறது. வாசிக்கும்போதே குடும்ப மரம் ஒன்றை நீங்களே வரைந்துகொள்ளுங்கள். யார் எந்த மண்ணில் பிறந்தார் என்பதை ஒவ்வொரு பெயருக்குக் கீழும் எழுதுங்கள். சாலமன் என்ற சிறுவன் பதினான்காம் பிறந்தநாளில் கைரேகை வைத்து அயல்நாட்டவர் அட்டை வாங்கப் போகும் இடத்தை அடையும்போது, உங்கள் மரத்தைப் பாருங்கள். அவனும் ஜப்பானில் பிறந்தவன், அவன் தந்தையும் ஜப்பானில் பிறந்தவர் என்று தெரியும். மை படிந்த விரலின் கனம் அப்போதுதான் உறைக்கும்.

இந்த நாவலின் ஆசிரியர் ஜப்பானியக் கொரியர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். சியோலில் பிறந்து, ஏழு வயதில் நியூயார்க் வந்து வளர்ந்தவர். பின்னாளில் டோக்கியோவில் வாழ நேர்ந்தபோது அங்குள்ள கொரியர்கள் பலரைச் சந்தித்து, முன்பு எழுதிய பிரதியைக் கைவிட்டுப் புதிதாக எழுதினார். புலம்பெயர் எழுத்து என்றாலே எழுதியவரின் சொந்தக் கதை என்று முடிவு கட்டும் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

ஆறாம் படி: ஒரே நிகழ்வை இரண்டு மொழிகளில்

தமிழ் வாசகருக்கு மட்டும் திறந்திருக்கும் ஒரு வாசல் இங்கே இருக்கிறது. 1981 மே 31 இரவிலிருந்து ஜூன் 1 வரை யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நாட்களில் யாழ்ப்பாணம் எரிந்ததைப் பற்றி ஈழக் கவிஞர் சேரன் எழுதிய ‘இரண்டாவது சூரிய உதயம்’ கவிதையை முதலில் வாசியுங்கள். நிகழ்வின் சூட்டிலேயே, ஊரில் இருந்தபடி, ஊர்க்காரர்களுக்காக எழுதப்பட்டது அது. சேரன் இப்போது கனடாவில் வாழ்கிறார்.

அடுத்து வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ (2023) நாவலை எடுங்கள். அமெரிக்காவில் பிறந்த தமிழரான அவர், மருத்துவராக விரும்பும் சசி என்ற யாழ்ப்பாணப் பெண்ணின் குரலில் அதே காலத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார். 2024-இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்ற இந்த நாவல், வெளி உலகம் எளிதாகப் பயன்படுத்தும் ‘பயங்கரவாதி’ என்ற சொல்லை முதல் வாக்கியத்திலேயே வாசகர் முன் வைத்து, நாங்கள் வாழ்ந்த வரலாற்றுக்கு அது போதாது என்கிறது. சேரனின் வாசகருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. சசியோ தெரியாத ஒருவரிடம், ‘நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்’ என்ற தொனியில் பேசுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், விளக்கம் தேவைப்படாத வாசகருக்கு எழுதுவதற்கும் தேவைப்படும் வாசகருக்கு எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) நூலின் கடைசிப் பகுதி கொழும்பில் 1983 கலவரத்தை நாட்குறிப்பாகச் சொல்கிறது. நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே தொடர விரும்புவோர் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகளுக்குப் போகலாம். கொக்குவிலில் பிறந்து, ஐக்கிய நாடுகள் சபைப் பணியில் பல நாடுகளில் வாழ்ந்து, கனடாவில் குடியேறியவரின் பார்வை அவற்றில் புன்னகையோடு இருக்கிறது.

ஏழாம் படி: சமூகத்தின் பிரதிநிதியாக யாரையும் நிறுத்தாதீர்கள்

மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டனின் ‘தி உமன் வாரியர்’ (1976) வெளியாகிப் பெரும் புகழ் பெற்றபோது, சீன அமெரிக்க எழுத்தாளரான ஃபிராங்க் சின் அதைக் கடுமையாக எதிர்த்தார். சீனத் தொன்மக் கதைகளை வெள்ளை வாசகருக்காக மாற்றிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. மூலான் என்ற வீரப்பெண்ணின் கதையோடு வேறொரு வீரனின் கதையிலிருந்து முதுகில் எழுத்துப் பொறிக்கும் காட்சியைக் கிங்ஸ்டன் கலந்தது உண்மைதான். ஆனால் அந்த நூல் தொடங்குவதே, இதை யாரிடமும் சொல்லாதே என்று தாய் மகளுக்கு இடும் கட்டளையோடு. அரைகுறையாகக் காதில் விழுந்ததைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்ளும் மகளின் கதையில், கதைகள் கலந்துதான் வரும். இந்த விவாதத்தில் நான் கிங்ஸ்டன் பக்கம் நிற்கிறேன். ஆனாலும் சின் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வெளியாருக்காகவே தாளிப்பும் மசாலாவும் தூவி எழுதப்படும் நூல்கள் உண்டு. உள்ளிருப்பவருக்கு நன்கு தெரிந்ததை அடிக்கடி நிறுத்தி விளக்கும் நூலைச் சந்தித்தால், அந்த விளக்கம் யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள்.

எழுத்தாளர்களும் இந்த எதிர்பார்ப்பிலிருந்து விலகிச் செல்கிறார்கள். 2012-இல் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்த லஹிரி, பிறகு இத்தாலிய மொழியிலேயே எழுதத் தொடங்கினார். அந்த மொழியில் எழுதிய நாவலைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்து 2021-இல் ‘வேர்அபவுட்ஸ்’ என்று வெளியிட்டார். அதில் நகரத்துக்கும் பெயரில்லை, சொல்பவளுக்கும் பெயரில்லை.

நூல்கள் கிடைக்கும் இடம்

ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகம் பெரிய களஞ்சியம். ஆங்கிலக் கவிதைகளுக்கு அமெரிக்காவின் பொயட்ரி ஃபவுண்டேஷன் தளம் உதவும். பல கவிதைகளைக் கவிஞர்களின் குரலிலேயே கேட்கவும் முடியும். 1991-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏசியன் அமெரிக்கன் ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் நடத்தும் ‘தி மார்ஜின்ஸ்’ இதழும், 1984-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘வசாஃபிரி’ இதழும் புதிய பெயர்களைக் கண்டுபிடிக்க ஏற்றவை.

கடைசியாக ஒரு கடினமான நூல்

இவ்வளவும் வாசித்த பிறகு தெரேசா ஹாக் கியுங் சாவின் ‘டிக்டே’ (1982) நூலைத் தொடுங்கள். அதற்கு முன் வேண்டாம். பூசானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சா, இந்த நூல் வெளியான அதே ஆண்டில் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். கிரேக்கக் கலைத்தேவியரின் பெயர்களை ஒட்டி ஒன்பது பகுதிகள். ஆங்கிலம், பிரெஞ்சு, சீன எழுத்து, புகைப்படம், வரைபடம், கையெழுத்துக் கடிதம் எல்லாம் கலந்து வரும். வகுப்பில் ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் பயிற்சியோடு நூல் தொடங்குகிறது. முற்றுப்புள்ளி என்று அவர் சொல்வதையும் மாணவி அப்படியே சொல்லாக எழுதிவைக்கிறாள்.

இதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். கல்லியோப்பியின் பெயரில் வரும் இரண்டாம் பகுதிக்கு நேரே செல்லுங்கள். ஜப்பானிய ஆட்சியின் கீழ் மஞ்சூரியாவில் பதினெட்டு வயதில் பள்ளி ஆசிரியையாக இருந்த தன் தாயை, ‘அம்மா, உனக்குப் பதினெட்டு வயது’ என்று மகள் முன்னிலையில் அழைத்துப் பேசும் பகுதி அது. தாய்மொழி தடைசெய்யப்பட்ட இடத்தில் அதை மறைவாகப் பேசிய ஒரு பெண்ணின் கதையை அந்தப் பெண்ணுக்கே மகள் திருப்பிச் சொல்கிறாள். யார் யாரிடம் பேசுகிறார் என்று இத்தனை நூல்களில் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்தப் பகுதி கடினமாக இராது. புரியாத பிரெஞ்சு வரிகளைத் தாண்டிச் செல்லுங்கள். படங்களுக்கு அடியில் குறிப்பு இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். அந்தப் பகுதியை இரண்டு முறை வாசித்து முடித்த பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, சொல்லச் சொல்ல எழுதும் அந்த மாணவியின் வரிகளை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள்.